வழித்துணை



போன வியாழக்கிழமை செபமாலை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் ஒரு தாய் மட்டும் மாதா பீடத்தருகே நின்றிருந்தார். கையில் பாஸ்போர்ட். மாதா பாதத்தில் வைத்து எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். "ஃபாதர், மகளுக்குப் பிரசவம். மெல்போர்னுக்குத் தனியாத்தான் போறேன். மதுரைக்குக்கூட பஸ்ஸுல தனியாப் போனதில்ல" என்றார். திருச்சியில் ஏறி, சிங்கப்பூரில் இறங்கி, அங்கே வேறு விமானம் மாற வேண்டும். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 12 மணி நேரம் வானத்திலேயே இருக்க வேண்டும். விமானம் விழுந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இல்லை. "இறங்குறப்ப ஒரு தாள் நிரப்பணுமாம். பையில சாப்பாட்டுச் சாமான் இருக்கான்னு கேக்குமாம். எல்லாம் இங்கிலீஷ்ல." பிள்ளை பெற்றவளுக்கென்று இடித்து வைத்த மருந்துப் பொடி, பூண்டு, கொஞ்சம் கருவாடு எல்லாம் பையில் இருக்கின்றன. அந்தத் தாளை நினைத்துத்தான் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

இன்று இரவு அவருக்கு விமானம். இன்று அதிதூதர்கள் மிக்கேல், கபிரியேல், இரபேல் திருவிழாவும்கூட. பயணிகளின் பாதுகாவலர் இரபேல் வருகிற தோபித்து நூலை வீட்டில் எடுத்து வாசியுங்கள். சின்ன நூல்தான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். நம் வீடுகளில் நடப்பதெல்லாம் அதில் இருக்கிறது.

நினிவேயில் பார்வை இழந்து உட்கார்ந்திருக்கும் தோபித்து, தூர தேசமான மேதியாவில் ஒருவரிடம் கொடுத்து வைத்த பத்துத் தாலந்து வெள்ளியை வாங்கிவர ஒரே மகனை அனுப்புகிறார். மகன் தோபியாவுக்கு வழி தெரியாது. வழித்துணைக்கு ஒரு இளைஞன் கிடைக்கிறான். கிழவர் சும்மா விடுவாரா? நம் ஊர்ப் பெரியவர்களைப் போலவே, நீ எந்தக் குலம், யார் பிள்ளை என்று துருவித் துருவிக் கேட்கிறார். உறவுதான் என்று தெரிந்த பிறகே மனம் ஆறுகிறது. கூலி நாளுக்கு ஒரு திராக்மா.

மகன் வாசல் தாண்டியதும் தாய் அன்னா அழுகிறார். இருக்கிற காசு போதாதா, பிள்ளையைவிடவா பணம் பெரிது என்று கணவரிடம் சண்டை பிடிக்கிறார். வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு அடுப்படியில் அழுத தாய்மார் இந்தக் கோவிலில் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். அழாதே, நல்ல தூதர் ஒருவர் அவனோடு போவார் என்று தோபித்து தேற்றுகிறார். மனைவியின் கண்ணீரை நிறுத்தத்தான் அவர் அப்படிச் சொன்னார். கூலி பேசி அனுப்பிய அந்த இளைஞனே இறைவனின் தூதர் இரபேல் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

அந்தத் தூதர் வழியில் என்ன செய்தார் என்று கவனியுங்கள். சிறகு விரித்துக் காட்டவில்லை. ஆற்றில் மீன் பாய்ந்தபோது அதைப் பிடி என்கிறார், அதன் பித்தம் மருந்தாகும் என்று சொல்லிக் கொடுக்கிறார். தோபியா தன் திருமண வீட்டில் இருந்தபோது நான்கு வேலையாட்களையும் இரண்டு ஒட்டகங்களையும் கூட்டிக்கொண்டு போய், பத்திரத்தைக் காட்டி, பணத்தை வாங்கி வருகிறார். கடவுளின் சந்நிதியில் நிற்பவர் கொடுக்கல் வாங்கல் வேலைக்குப் போய் வருகிறார்! இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் நிறைந்துவிடுகிறது.

தனியாகப் பறந்த இன்னொரு பெண்ணைப் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டும். பெயர் ஏமி ஜான்சன். இங்கிலாந்தில் ஹல் என்ற துறைமுக நகரத்து மீன் வியாபாரியின் மகள். லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டவும் அதன் எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் கற்றார். 1930 மே 5 அன்று, 26 வயதில், கிராய்டன் விமானத் தளத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். யாரோ பயன்படுத்தி விற்ற ஜிப்ஸி மாத் விமானம் அது. துணி போர்த்திய இறக்கைகள், தலைக்கு மேல் கூரை கிடையாது, பேச வானொலி கிடையாது. அதற்கு முன் அவர் பறந்த அதிகத் தொலைவே லண்டனிலிருந்து ஹல் வரைதான்.

பாக்தாத் பக்கம் பாலைவனத்தில் மணற்புயல் பிடித்துக்கொண்டது. இறக்கிவிட்டார். விமானத்தைக் காற்று புரட்டிவிடாதபடி சக்கரத்துக்குப் பெட்டிகளை அண்டைகொடுத்து, வால்மேல் ஏறி உட்கார்ந்து, புயல் அடங்கும்வரை காத்திருந்தார். அங்கே அவருக்கு மனிதத் துணை யாரும் இல்லை. அதற்குப் பிறகு வந்த இடங்கள் வேறு மாதிரி. நம் நாட்டில் ஜான்சியில் எரிபொருள் தீர்ந்து ராணுவ மைதானத்தில் இறங்கியபோது இறக்கை உடைந்தது, அங்கேயே அதைச் சரிசெய்து கொடுத்தார்கள். ரங்கூன் அருகே இன்செயினில் ஒரு தொழில்நுட்பக் கல்வி நிலையத்தின் மைதானத்தில் இறங்கிப் பள்ளத்தில் மோதினார். இறக்கை கிழிந்தது, விசிறி முறிந்தது. போட இறக்கைத் துணி இல்லை. முதல் உலகப் போரில் மிஞ்சிப்போன விமானத் துணியில் தைத்த சட்டைகள் அந்த ஊரில் இருந்தன. அந்தச் சட்டைகளைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டார்கள். உடம்பில் போடும் சட்டை, நண்பர்களே! ஜாவாவில் கரும்புத் தோட்டமொன்றில் இறங்கியபோது மூங்கில் குச்சிகள் இறக்கையைத் துளைத்தன. காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு மேலே கிளம்பினார்.

திமோர் தீவில் ஒரு சிற்றூர் அருகே இறங்கியபோது அவரைப் பற்றி எந்தச் செய்தியும் வெளியே போகவில்லை. மகன் வரும் வழியையே தினம் பார்த்து உட்கார்ந்திருந்தாரே அன்னா, அதே நிலைமைதான் அன்று இங்கிலாந்தில் அவர் பெற்றோருக்கும். மே 24 அன்று டார்வின் நகரில் இறங்கினார். ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர். அந்த வழியைத் தனியாகப் பறந்து கடந்த முதல் பெண் என்று உலகம் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் எனக்கு அந்த இறக்கையில் இருந்த ஒட்டுகள்தான் கண்ணில் நிற்கின்றன. முன்பின் தெரியாத கைகள் போட்ட தையல் அவை. அந்தத் தையல்காரர்கள் பலரின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. இரபேலும் ஊர் திரும்பும்வரை வேறு பெயரில்தானே நடந்தார்?

இதோடு நிறுத்தினால் உங்களுக்குப் பாதி உண்மையை மறைத்தவனாவேன். 1941 ஜனவரி 5. போர்க்காலம். விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் பணியில் இருந்த ஏமி, மோசமான வானிலையில் வழி விலகி, தேம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் பாராசூட்டில் விழுந்தார். அவர் உடல் கிடைக்கவே இல்லை.

அப்படியானால் வழித்துணை எங்கே போனார் என்று கேட்பீர்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளை பெட்டியில் திரும்பி வந்த வீடுகள் நம் பங்கில் உண்டு. அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே எனக்கு வார்த்தை வந்ததில்லை. இன்றும் உங்கள் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஹேசல்மியர் என்ற கடற்படைக் கப்பல் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதன் தலைவர் வால்டர் ஃபிளெட்சர், தண்ணீரில் யாரோ தத்தளிப்பதைக் கண்டு, உறையும் குளிர்கடலில் தானே குதித்தார். காப்பாற்ற முடியவில்லை. அவரும் அந்தக் குளிராலேயே உயிர் விட்டார். நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை என்று ஆண்டவர் சொன்னார். அன்று ஃபிளெட்சர் உயிரைக் கொடுத்தது முகம் தெரியாத ஒருவருக்காக. சிலுவையடியில் நிற்கும்போது நான் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை நடந்ததை நம் இளையோர் குழுவில் சொன்னேன். ஒரு தங்கை அந்தத் தாளின் மாதிரியை இணையத்தில் தேடி எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டாள். உணவுப் பொருள் பற்றிய கேள்விக்குத் தயங்காமல் 'ஆம்' என்று குறிக்க வேண்டும். சொல்லிவிட்டால் கூடிப்போனால் பொருளை வாங்கி வைத்துக்கொள்வார்கள், மறைத்தால்தான் அபராதம். வழிகாட்ட ஆள் வேண்டுமென்று விமான நிறுவனத்திடமும் அவளே பேசி ஏற்பாடு செய்திருக்கிறாள்.

கடைசி வரிசையில் ஜார்க்கண்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த நான்கு தம்பிகள் நிற்கிறார்கள். இரண்டு மாதமாக ஞாயிறு தவறாமல் வருகிறார்கள். பூசை முடிந்ததும் யாரும் பேசாததால் சத்தமில்லாமல் வெளியேறிவிடுகிறார்கள். தம்பிகளா, இன்று காத்திருங்கள். பங்கு இல்லத்தில் எல்லாருக்கும் சாப்பாடு.

அம்மா, அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் வாருங்கள். மற்றவர்கள் எழுந்து நின்று, அவரை நோக்கி உங்கள் வலக்கையை நீட்டுங்கள்.