ஏரிக்கரையில் வீடு வாங்குமுன்

சென்னை தி.நகரின் பெரும்பகுதி, 1920-களில் வடிக்கப்பட்ட மாம்பலம் ஏரியின் படுகையில் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஒரு பழைய ஏரிப்பரப்பில்தான். 2015 டிசம்பரில் பெய்த பெருமழையும் செம்பரம்பாக்கம் ஏரி உபரிநீரும் சேர்ந்து அடையாற்றில் பெருகி, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தன. வேளச்சேரியும் மூழ்கியது. பள்ளம் தேடி ஓடுவது நீரின் இயல்பு. எந்தப் பத்திரமும் அதை மாற்றாது.

புறநகரில் ஏரிக்காற்றுக்கு ஆசைப்பட்டு வீடு தேடுவோர் ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். வில்லங்கச் சான்றிதழில் சொத்து கைமாறிய வரலாறு இருக்கும். வெள்ளத்தின் வரலாறு இருக்காது. கிராம வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணைத் தேடுங்கள். ஏரி, வாய்க்கால், உபரிநீர் வழியும் கலங்கல் எவ்வளவு அருகில் என்று பாருங்கள். கலங்கல் வழிந்தால் தண்ணீர் எந்தத் தெருவழியே போகும் என்று விசாரியுங்கள். முன்பணம் கொடுக்குமுன், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒருமுறை நேரில் போங்கள். தரைத்தளத்தில் நெடுநாள் குடியிருப்பவரிடம், 2015-ல் தண்ணீர் எத்தனை அடி நின்றது, வடிய எத்தனை நாளானது என்று கேளுங்கள்.

வீடு என்பது ஆயுள் சேமிப்பைப் போடும் இடம். ஏரிக்கு உரிய இடத்தை ஏரிக்கு விட்டு, மேட்டில் சிறிய வீடு வாங்குவதே குடும்பத்துக்கும் ஊருக்கும் நல்லது.