காற்றை அறிதலும் அறிவின் பயனும்

உலகம் ஐம்பூதங்களின் கலப்பு எனத் தொல்காப்பிய மரபியல் கூறும். அவ்வைந்தனுள் நிலத்தை வேலியிட்டும் நீரைக் கலத்தில் அடைத்தும் மனிதன் தனதாக்கிக் கொண்டான்; காற்று மட்டும் நெடுங்காலம் பொதுவாகவே நின்றது. அப்பொதுமை குலையும்போது, அதனை அறிந்தவனுக்குரிய கடமை யாது என்பதைத் தில்லி மாநகரை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

குளிர்காலத் தில்லியில் புகைமூட்டத்தைப் பனிமூட்டம் என மயங்குதல் எளிது. 2015ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தேசியக் காற்றுத் தரக் குறியீடு, எட்டு மாசுகளைக் கணக்கிற்கொண்டு காற்றின் தரத்தை ஆறு நிலைகளாக வகுத்தது. கண்ணுக்குப் புலனாகாத நுண்துகளும் இதனால் எண்ணாகப் புலப்பட்டது. நாளிதழிலும் கைப்பேசியிலும் அவ்வெண்ணைக் காண்பது இன்று நகரத்தார் பலரின் வழக்கம். ஆயின், அறிதல் அறமாகிவிட்டதா என்பதே வினா.

எண்ணை அறிந்த வசதியுடையோர் சன்னலை அடைத்துக் காற்றுச் சுத்திகரிப்பானை இயக்குகின்றனர். தற்காப்பு குற்றமன்று. எனினும், அறையின் காற்று தூய்மையுற்றதும் தெருவின் காற்றைப் பற்றிய கவலை தளர்தல் இயல்பு. ரிக்‌ஷா ஓட்டுபவருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் எண் வேண்டியதில்லை; கண்ணெரிச்சலும் இருமலுமே அறிவிக்கின்றன. ஆனால் அவ்வறிவைக் கொண்டு வேலையை விட்டு விலக அவர்களால் இயலாது. 2017இல் அறிவிக்கப்பட்ட படிநிலைச் செயல்திட்டத்தின்படி, மாசு மிகும்போது கட்டுமானப் பணிகள் நிறுத்தப்படுகின்றன. கூலியை இழப்பவரும் அத்தொழிலாளரே. அவர்களுக்குப் பிழைப்பூதியம் வழங்குமாறு 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது.

விழிப்புணர்வு பெருகினால் காற்று தானே தூய்மையாகும் என்பாரும் உளர். தில்லியின் வரலாறு வேறொன்றை உணர்த்துகிறது. நகரப் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என 1998இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2002ஆம் ஆண்டின் இறுதிக்குள் அது நிறைவேறியது. இடையே பேருந்துப் பற்றாக்குறையால் மக்கள் இன்னலுற்றனர். எனினும், கிடைத்த பயன் பயணிக்கும் நடந்து செல்பவருக்கும் பொதுவாயிற்று. அங்கு அறிவு தனியறைக்குள் ஒடுங்காமல் பொதுச் செயலாக விரிந்தது.

பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பமாகக் கருதாவிடின் அறிவினால் பயனில்லை என்னும் கருத்தை வள்ளுவர் இன்னாசெய்யாமை அதிகாரத்தில் வைத்துள்ளமை இங்கு எண்ணத்தக்கது. அறிவின்மை அன்று, அறிந்தும் விலகி நிற்றலே அங்கு இடித்துரைக்கப்படுகிறது. எனவே, காற்று மாசு பற்றிய விழிப்புணர்வை எத்தனை பேர் குறியீட்டை அறிவர் என்பதைக் கொண்டு அளத்தல் போதாது. அறிந்தோர் தம் வசதியில் எதனைப் பொதுக்காற்றுக்காக விட்டுக்கொடுக்க முன்வருவர் என்பதே அதன் உண்மையான அளவுகோல் எனலாம்.