கடைச் சுவரும் கண்காணிப்பும்

ஒரு வேலையை நாமே செய்துகொள்வது நல்லதா, கூலி கொடுத்துப் பிறரைக் கொண்டு செய்விப்பது நல்லதா என்ற கேள்வி வியாபாரிகளாகிய நமக்குப் புதிதன்று. கடை திறந்த நாள் முதல் இதற்கு விடை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். கணக்கை நாமே எழுதுவதா, கணக்கப்பிள்ளை வைப்பதா? சரக்கை நேரில் போய்ப் பார்த்து எடுப்பதா, தரகர் சொல்லை நம்புவதா? இவற்றிலெல்லாம் நிதானமாக யோசிக்கிற நம்மவர்கள், கடைச் சுவர் பழுதாகிவிட்டால் மட்டும் எது மலிவு என்று பார்த்து ஒரு நாளில் முடிவு கட்டிவிடுகிறார்கள். இதைப் பணக் கணக்காக மட்டும் பார்ப்பது போதாது என்பது நம் அபிப்பிராயம். அது எப்படிப்பட்ட சுவர், யாருடைய சுவர் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஜார்ஜ் டவுனில் நம்மில் பலர் கடை வைத்திருப்பது பழைய கடைவீடுகளில். கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னால் அஞ்சடி. பக்கத்துக் கடைக்கும் நமக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். செங்கல் மிருதுவானது. கட்டினது சுண்ணாம்புச் சாந்தால். பூசினது சுண்ணாம்புக் காரையால். அதன் மேல் வெள்ளையடிப்பு. அஸ்திவாரத்தில் ஓதத்தைத் தடுக்கும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. தரையின் ஈரம் செங்கல் வழியாக ஏறும். ஏறின ஈரம் சுண்ணாம்பின் நுண்துளைகள் வழியாகக் காற்றோடு போய்விடும். நூறு வருஷத்துக்கும் மேலாக இந்தச் சுவர்கள் நிற்பது இப்படி மூச்சு விட்டுக்கொண்டுதான்.

சுண்ணாம்பைப் பற்றி நம் மூத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடையநல்லூரிலும் இராமநாதபுரத்துக் கரையோர ஊர்களிலும் காளவாய்ப் புகை பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. தண்ணீர் விட்டு நீற்றினால் கொதித்துப் பொங்கிக் களிம்பாகிறது. சுவரில் ஏறின பிறகு, விட்டுப்போன அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்தார்கள். செட்டிநாட்டிலே முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்தார்கள். லீத் வீதியில் வெளியூரார் கூட்டங்கூட்டமாக வந்து பார்க்கிற சோங் ஃபாட் ட்ஸி மாளிகையின் நீலம்கூட, அவுரி நீலம் கலந்த சுண்ணாம்புதான். அந்த மாளிகையைப் பழைய முறை மாறாமல் பழுதுபார்த்ததற்காக 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் விருது கிடைத்தது.

சிமெண்ட் வேறு ஜாதி. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824-இல் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பாலம் கட்டவும் மாடி எழுப்பவும் அதற்கு ஈடில்லை. நாம் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மிருதுவான பழைய செங்கல் மேல் அதைப் பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் அடைபட்டுப் போகிறது. அடைபட்ட ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. கூடவே உப்பையும் கொண்டுபோகிறது. உப்பு செங்கலுக்குள்ளேயே பூத்துச் செங்கலைப் பொரித்து மாவாக்கிவிடுகிறது. வெளியே சிமெண்ட் தகடு கெட்டியாக நிற்கும். தட்டிப் பார்த்தால் உள்ளே பொள்ளல் சத்தம் கேட்கும். இன்னொன்றும் உண்டு. சுவர் பொதுச்சுவர் அல்லவா? இந்தப் பக்கத்தை அடைத்தால் ஈரம் அந்தப் பக்கத்தைத் தேடும். ஒருவர் தம் கடையை அழகு செய்துகொண்ட செலவை அண்டைக் கடைக்காரர் கொடுக்க நேருகிறது. அண்டைவீட்டார் ஹக்கைப் பற்றி மதரஸாவில் உட்கார்ந்து ஓதின நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுமா?

இனி நாமே செய்துகொள்வோம் என்கிற கட்சியைப் பார்ப்போம். ஒரு வாளி பெயிண்டு, ஒரு தூரிகை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆயிரக்கணக்கான வெள்ளி மிச்சம் என்கிறார்கள். பற்று வரவில் தம் கூலியை எழுத மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் நமது முதல் ஆட்சேபம். கடைச் சிப்பந்தியின் ஒரு நாளுக்கு இன்ன விலை என்று அறிந்தவர், தம் ஒரு நாளுக்கு விலையே இல்லை என்கிறார். அதையாவது விட்டுவிடலாம், கைவேலையில் ஒரு சந்தோஷம் உண்டு, அதற்காக ஒரு நாளைக் கொடுத்தால் நஷ்டமில்லை. பெரிய ஆட்சேபம் அந்த வாளியில் இருக்கிறது. சாதாரணப் பிளாஸ்டிக் பெயிண்டும் சுவருக்கு மேல் ஒரு தோலைப் போர்த்துகிறது. ஓதம் தெரிந்த இடத்தை மறைப்பதற்காகவே பலர் அதை அடிக்கிறார்கள். ஆறு மாதத்தில் கொப்புளித்து உரிகிறது, மறுபடியும் அடிக்கிறார்கள். பழுதான சரக்கை மூட்டைக்கு அடியில் போட்டு நல்லதை மேலே பரப்பி விற்கக் கூடாது என்று அறிந்த நாம், சுவர் விஷயத்தில் அதையே செய்து அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்கிறோம். அடுத்து வாடகைக்கு வருகிறவர் அந்தச் சுவரைத்தானே வாங்கிக்கொள்கிறார்?

ஆள் வைப்பவர் கட்சி இதைவிட நியாயமாகத் தோன்றும். நமக்கு மளிகை தெரியும், காண்டிராக்டருக்குச் சுவர் தெரியும், அவரவர் தொழில் அவரவருக்கு என்பது அவர்கள் வாதம். நாமும் ஒப்புக்கொள்கிறோம், அவருக்கு இந்தச் சுவர் தெரியுமானால். மலேசியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி காண்டிராக்டர்கள் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் பத்திரம் அவர் தொழில் நடத்தலாம் என்று சொல்லும். சுண்ணாம்பு அறிந்தவர் என்று சொல்லாது. நம்மவர்கள் மூன்று பேரிடம் விலை கேட்கிறார்கள். மூன்று தாளிலும் கடைசி வரியை மட்டும் படிக்கிறார்கள். மலிவானவர் பெரும்பாலும் பழைய காரையைக் கொத்தி எறிந்துவிட்டு நாலைந்து நாளில் சிமெண்ட் பூசி முடிக்கிறவராக இருக்கிறார். சுண்ணாம்புக்காரர் வாரக்கணக்கில் கேட்கிறார். ஒரு பூச்சு இறுகக் காத்திருந்துதான் அடுத்த பூச்சு என்கிறார். கிராம்பு வாங்கும்போது ஒன்றை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். அரிசியை உள்ளங்கையில் எடுத்து ஊதிப் பார்க்கிறோம். சுவரில் என்ன பூசப் போகிறீர் என்று மட்டும் கேட்பதில்லை. வேலையை ஒப்படைக்கும்போது கண்ணையும் சேர்த்து ஒப்படைத்துவிடுகிறோம்.

நம் அபிப்பிராயத்தின் சாரம் இதுதான். உழைப்பைப் பிறர் கையில் கொடுக்கலாம், அதில் இழுக்கில்லை. என்ன நடக்கிறது என்று அறிந்திருக்கும் பொறுப்பைக் கொடுக்க முடியாது. அது அமானத்.

யாருடைய சுவர் என்ற கேள்வி இங்கே வருகிறது. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில், சொற்ப வாடகைக்கு மராமத்து எதற்கு என்றார் வீட்டுக்காரர். வீடு நமதல்லவே, நாம் ஏன் செலவழிப்பது என்றார் குடியிருந்தவர். நடுவில் நின்ற சுவர் யாருக்கும் சொந்தமில்லாமல் நனைந்தது. 1997-இல் அச்சட்டத்தை நீக்கி, 1999 முடிவு வரை தவணை கொடுத்தார்கள். பிறகு வாடகை ஏறி, எத்தனையோ பழைய குடும்பங்கள் ஊரை விட்டே வெளியேறின. 2008 ஜூலை 7-இல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதும், யாருக்கும் வேண்டாத சுவர் எல்லாருக்கும் வேண்டியதாயிற்று. பாரம்பரிய எல்லையும் அதைச் சுற்றிய காப்பு எல்லையும் சேர்ந்து 259.42 ஹெக்டேர். அதற்கென்று 2016-இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் இருக்கிறது. ஆகையால் எதையும் கொத்துவதற்கு முன் மாநகராட்சியில் கேட்டுக்கொள்வது நல்லது; பிறகு கேட்பது செலவு.

வக்ஃபு இடத்தில் கடை வைத்திருப்பவர் நிலை இன்னும் நுட்பமானது. 1801-இல் காதிர் முகைதீன் காலத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழும்பியது முதல் நம் முன்னோர் விட்டுச் சென்ற வக்ஃபுகள் இவ்வூரில் உண்டு. அவற்றின் நிர்வாகம் கெட்டுப்போகாமல் பார்க்க 1905-லேயே முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கென்று சட்டம் வந்தது. இன்று வக்ஃபுக்கு மாநில இஸ்லாமிய சமய மன்றம் பொறுப்பாளர். கொடுத்தவர் கப்றில் இருக்கிறார். பயன் பெறுகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவில்லை. அப்படிப்பட்ட சுவரில் இருநூறு வெள்ளி மிச்சம் பிடித்தால் அது யாருடைய மிச்சம்?

கூலி விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. சாரத்தில் ஏறி நிற்பவர் பெரும்பாலும் வங்காளதேசத்தவராக, இந்தோனேசியராக, பர்மியராக இருக்கிறார். நமக்கும் அவருக்கும் நடுவே காண்டிராக்டர், துணைக் காண்டிராக்டர், தலையாள் என்று படிகள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கழியும். மிக மலிவான விலைத்தாளைப் பார்த்தால், மிச்சம் சாமானில் பிடித்ததா, அவர் கூலியில் பிடித்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. நம் பாட்டன்மாரில் பலர் இதே ஊர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள். கையில் வருகிற கூலிக்கும் பேசின கூலிக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும்.

அதற்காக எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வது தர்மம் என்றும் ஆகாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இவ்வூரில் குறைவு. அவர்களைக் கூப்பிடாமல் எல்லாரும் தாமே பூசிக்கொண்டால், அந்தக் கொத்தனாரின் மகன் கரணையைத் தொடமாட்டான். கூலி கொடுப்பதும் ஒரு தொழிலைக் காப்பதுதான்.

இந்த நியாயம் பழைய சுவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். குளுகோர் பக்கமோ பாயான் லெப்பாஸ் பக்கமோ குடிபோன நம் சகோதரர்களில் சிலர் வாசலில் கார் நிற்கத் தார் போட்டிருக்கிறார்கள். வெயிலில் தார் வறண்டு சாம்பல் நிறமாகி வெடிப்பு விடும். மேலே கறுப்புப் பூச்சு ஒன்று கொடுத்தால் வெயிலையும் மழையையும் கொஞ்ச காலம் தடுக்கலாம். வெடிப்பை அடைத்து, நன்றாகக் கூட்டி, மழையில்லாத நாள் பார்த்துத் தேய்த்தால் வீட்டுக்காரரே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் அடியில் மண் அமுங்கியிருந்தால் அவர் பூசினாலும் ஆள் வந்து பூசினாலும் கறுப்பு நிறம் மட்டுமே மிச்சம். அடியில் என்ன என்று குனிந்து பார்ப்பதைப் பிறரிடம் விடக் கூடாது.

அப்படியானால் எதைச் செய்வது, எதை விடுவது? நாம் ஓர் எல்லை வைத்திருக்கிறோம். தவறினால் மறுபடியும் செய்யக்கூடியதை நாமே செய்கிறோம். ஒரு தடவை போனால் திரும்பாததைத் தொழில் தெரிந்தவர் கையில் கொடுக்கிறோம். வெள்ளையடிப்பது முதல் வகை. நீற்றின சுண்ணாம்பைப் பால்போல் கரைத்து வடிகட்டி, சுவரை முன்னதாக நனைத்து, உச்சி வெயில் விழாத நேரத்தில் மெல்லிசாக நாலைந்து தடவை அடிக்க வேண்டும். அடித்த உடனே தண்ணீர்போலத்தான் இருக்கும்; ஒன்றும் பிடிக்கவில்லை என்று அவசரப்பட்டுக் கெட்டியாக அடித்தால் உதிரும். காயக் காய வெளுக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அவசியம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. பிள்ளைகளைக் கிட்ட விடக் கூடாது. சுண்ணாம்பை நீற்றும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம், நீற்றினதாகவே வாங்கிக்கொள்ளலாம்.

பழைய காரையைக் கொத்துவது, செங்கல் இடுக்குகளில் சாந்து நிரப்புவது, உத்தரத்தைத் தொடுவது எல்லாம் இரண்டாம் வகை. இதற்கு ஆள் வைக்கும் நாளில் நாம் கடையில் இருந்தாக வேண்டும். அதிகாரம் செய்ய அன்று, கேட்பதற்கும் பார்ப்பதற்கும். கலவையில் என்ன சேர்கிறது, எத்தனை நாள் காய வேண்டும், ஏன் என்று கேட்டால் தொழில் தெரிந்த கொத்தனார் சந்தோஷமாகச் சொல்வார். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறவரை அனுப்பிவிடுவது லாபம்.

நமது கடைச் சுவரின் மறுபக்கத்தில் முன்பு இருந்த ஒருவர் ஆளுயரத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். அதன் ஓதம் இப்போது நமது மிளகாய் மூட்டைக்குப் பின்னால் தெரிகிறது. இன்று அங்கே ஊதுபத்தி விற்கும் சீனக் கிழவர் இருக்கிறார். நம் பக்கத்தை மட்டும் செப்பனிட்டுப் பயனில்லை என்பதால் அவரிடம் போய்ச் சொன்னோம். கொத்தனாரையும் அழைத்துப் போய்க் காட்டினோம். கிழவர் தம் பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார், நம் பக்கத்துக்கு வந்தும் தட்டிப் பார்த்தார். செலவில் பாதி தருவதாகச் சொன்னார். இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் கடிதம் போயிருக்கிறது. சீனப் புத்தாண்டுக்கு முன் முடிய வேண்டும் என்கிறார் அவர். கொத்தனாருக்கு ஜனவரி பாதியில்தான் கை ஒழிகிறதாம். மழை குறைந்த மாதம் என்பதால் சுவருக்கு அது தோதுதான். மிளகாய் மூட்டைகளை அதுவரை எந்தப் பக்கம் அடுக்குவது என்பதுதான் இன்னும் தீரவில்லை.