நேராகப் பார்க்கிற படம்

மேட்டூரைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் கூடத்துச் சுவரின் உச்சியில், மேல்பக்கம் சற்று முன்னால் சாய்ந்தபடி, வரிசையாகப் படங்கள் மாட்டியிருக்கும். அவற்றில் யாரும் சிரிப்பதில்லை. தாத்தா நாற்காலியில், இரண்டு கையும் இரண்டு முழங்காலின் மேல். பக்கத்தில் நிற்கிற பாட்டி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்திருப்பார். பின்னால் ஸ்கிரீனில் ஊட்டியோ தாஜ்மகாலோ. இருவர் கண்ணும் நேராக நம்மேல் இருக்கும். வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிற பிள்ளைகள் இவற்றைப் பார்த்து, "பொம்மை மாதிரி நிக்கறாங்க" என்பார்கள். உயிரில்லை, இயல்பில்லை என்பது அவர்கள் தீர்ப்பு.

நான் வேலை பழகியது அப்படிப் படம் எடுக்கிற ஸ்டுடியோவில்தான். எங்கள் முதலாளி, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் ஸ்டில்களைப் பார்த்துப் பார்த்தே லைட் வைக்கக் கற்றுக்கொண்டவர். யாஷிகா கேமரா, ரோலுக்குப் பன்னிரண்டு படம். அதனால் ஒருவருக்கு ஒரு கிளிக், மிஞ்சினால் இரண்டு. அந்தக் கிளிக்குக்கு முன்னால் நடப்பதுதான் தொழில். உள் அறையில் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா இருக்கும். ஆணியில் ஒரு கோட்டும் டையும் தொங்கும். வந்தவர் கண்ணாடி முன் எவ்வளவு நேரம் நின்றாலும் முதலாளி அவசரப்படுத்தமாட்டார். "அவரு மூஞ்சிய அவரே எடுத்து முடிக்கட்டும், அப்பறம் நாம எடுக்கலாம்" என்பார். பிறகு தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, தோளைச் சமமாக்கி, கண்ணைச் சிமிட்டாமல் இருக்கச் சொல்லி ஒரு கிளிக். இரவில் நெகட்டிவின் மேல் பென்சிலால் டச்சிங் நடக்கும். அம்மைத் தழும்பு ஆழம் குறையும், கண்ணுக்குக் கீழே கருமை வெளுக்கும். வெயிலில் கூலிக்குப் போகிறவர்களின் நெகட்டிவ்களுக்குத்தான் இந்த வேலை அதிகம் பிடிக்கும்.

வேறு மாதிரியான படங்கள் எனக்குப் பிற்பாடுதான் அறிமுகமாயின. ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் அவற்றை எடுத்தவர்களில் முதல் பெயர். சின்ன லைக்கா கேமராவின் பளபளப்பு அடுத்தவர் கண்ணில் படாதிருக்கக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு அலைந்தவர். மனிதர்கள் தங்களை மறந்திருக்கிற கணத்தில் எடுப்பது அவர் வழி. அது ஒரு மதமாகவே பரவி, இன்று கல்யாண ஆல்பம் போடுகிறவர் விலைப்பட்டியலில் 'கேண்டிட்' என்று தனி ரேட்டாக நிற்கிறது. அவர் படங்களின் முன்னால் நான் வாயடைத்து நின்றதுண்டு. இப்போதும் நிற்பேன். ஆனாலும் அவர் திருவண்ணாமலைக்கு வந்து எடுத்த படங்கள் எனக்குள் ஒரு கேள்வியைக் கிளப்பின.

1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாட்களில், கார்ட்டியே-பிரெசோன் ஆசிரமத்தில் இருந்தார். 14-ஆம் தேதி இரவு 8.47-க்கு மகரிஷியின் உயிர் பிரிந்தபோது வானத்தில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்துபோனதைக் கண்டதாகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். உலகத்தின் தலைசிறந்த கண் அங்கே இருந்திருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் பூஜையறையிலும் மளிகைக் கடையிலும் லாரி டிரைவர் தலைக்கு மேலும் இருக்கிற ரமணர் படம் அவர் எடுத்ததல்ல. பெங்களூரிலிருந்து வந்த ஜி. ஜி. வெல்லிங் 1946-இல் எடுத்தது. மார்பளவு, மென்மையான வெளிச்சம், அசையாமல் அமர்ந்து நம்மைப் பார்க்கிற இரண்டு கண்கள். தொழில் முறையில் பார்த்தால் அது சுத்தமான ஸ்டுடியோப் படம். பக்தர்கள் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்? அவர்களுக்கு ரமணரைப் பார்ப்பது மட்டும் போதவில்லை, ரமணர் அவர்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

இதையே சாதாரண மனிதர்களின் சாவு வீட்டில் பார்க்கலாம். நள்ளிரவில் போன் வரும். விடிவதற்குள் பிளெக்ஸ் அடிக்க வேண்டும், ஒரு படம் தேற்றிக் கொடுங்கள் என்பார்கள். ஆதார் அட்டையில் இருப்பது போலீஸ் பிடித்துவந்தவர் முகமாக இருக்கும். பேத்தி கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் பெரியவர் பல பக்கங்களில் இருப்பார். எல்லாம் 'இயல்பாக' எடுத்தவை. இலையில் குனிந்திருக்கிறார், யாரையோ கூப்பிடுகிறார், வாய் பாதி திறந்திருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக் கேட்பார்கள்: "நேராப் பாக்கற மாதிரி ஒண்ணு இல்லீங்களா?" முன்காலத்தில் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் போனவரை, பாடை கட்டுமுன் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சுற்றிலும் பிள்ளைகள் நிற்க எடுப்பார்கள். மூடிய கண்ணைத் திறந்திருப்பதாக டச்சிங்கில் வரைந்து தரச் சொன்னவர்களும் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது கோரமாகத் தெரியும். எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது. அந்தக் குடும்பத்துக்கு வேண்டியது ஒரு நினைவுக் காட்சியல்ல. வீட்டுக்குள் வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும்.

இவ்வளவு சொன்னதும், நேராகப் பார்த்தால் படம் நல்ல படம் என்ற முடிவுக்கு வந்துவிட முடியுமா என்றால், முடியாது. 1876–78 பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. அந்தப் பஞ்சத்தைப் பற்றிய புத்தகம் எதைத் திறந்தாலும் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த படங்கள் இருக்கும். எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்திருக்கிறார். அவர்களும் நேராகத்தான் பார்க்கிறார்கள். அந்தக் காலத்திலேயே அவரைக் கண்டித்தவர்கள் இருந்தார்கள். இதே ஹூப்பர் 1886-இல் மாண்டலேயில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும்போது, தன் கேமரா தயாராகும்வரை சுடும் உத்தரவைத் தாமதித்தார் என்று புகார் எழுந்து விசாரணை நடந்தது. மனிதர்களை நிற்கவைத்து எடுக்கும் ஒரு தொழிலின் ஒரு ஓரம் அங்கே போய் முடிகிறது என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

எட்கர் தர்ஸ்டன் அந்த அளவுக்குக் கொடியவரல்ல. மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர், கருவியால் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். கே. ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909-இல் அவர் கொண்டுவந்த ஏழு தொகுதிகளில் எங்கள் பக்கத்துச் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகளும் வருகிறார்கள். அதில் உள்ள படங்களுக்குக் கீழே சாதியின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. அவர்களும் நேராகத்தான் நிற்கிறார்கள். எங்கள் ஸ்டுடியோவில் நின்றவருக்கும் அவர்களுக்கும் ஒரே வித்தியாசம்தான். இங்கே வந்தவர் காசு கொடுத்தார், கண்ணாடியில் பார்த்துக்கொண்டார், பிடிக்காவிட்டால் "இன்னொண்ணு எடுங்க" என்றார். படத்தை வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அப்படியானால் படம் எடுக்கிற விதத்தைவிட, எந்த முகத்தைக் கொடுப்பதென்று யார் முடிவு செய்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேண்டிட்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். கேட்டு எடுத்தால் உண்மை ஓடிவிடும் என்பார்கள். தயாராகி வருகிற முகம் பொய், அகப்பட்டுக்கொள்கிற முகம் மெய் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் வராது. தன்னை எப்படி வைத்துக்கொள்ள ஒருவர் விரும்புகிறார் என்பதும் அவரைப் பற்றிய உண்மைதானே. என்னைக் கேட்டால், அவர் முப்பது வருஷமாகச் சேர்த்துவைத்த உண்மை.

ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூரில் கூட்டம் தாங்காது. காவிரியில் குளித்து, அணைக்கட்டு முனியப்பனுக்குக் கிடாயோ சேவலோ வெட்டி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, பூங்காவைச் சுற்றிவிட்டுப் போவார்கள். அணை மீன் பொரிக்கிற கடைகளில் அடுப்பு அணையவே அணையாது. ஒரு வருஷம் கேமராக் குழு ஒன்று வந்திருந்தது. எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்ற ஒரு அம்மாவை எடுக்கக் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை. "ஒரு நிமிசம் இரு சாமி, சீலய மாத்திக்கிட்டு வந்துர்றேன்" என்றார். குழுவின் தலைவர், "வேணாம்மா, இப்படியே இருங்க, இதுதான் அழகு" என்றார். "என்னத்த அழகு, பொகையில நிக்கறேன்" என்று அந்த அம்மா முந்தானையால் வாயை மறைத்துச் சிரித்துத் திரும்பியபோது எட்டுக் கேமராக்கள் சத்தம் போட்டன. அந்தப் படத்தை நானும் பார்த்தேன். நல்ல படம். புகைக்கு நடுவில் கண் மின்னுகிறது. ஆனால் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று அவர் சொன்ன சேலை எது, அதைக் கட்டிக்கொண்டு அவர் எப்படி நின்றிருப்பார் என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்ததாகவும் தெரியவில்லை.

மீன் விற்கிற அம்மாவை வேறு மாதிரியும் எடுக்கலாம். மதுரைப் புகைப்படக்காரர் எம். பழனிக்குமாரின் தாய் மீன் விற்றவர். அவர் எடுத்த தன் அம்மாவின் படங்களில் உழைப்பும் அசதியும் அப்படியே இருக்கின்றன, சேலை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் எதுவும் பறிக்கப்பட்டதாகத் தோன்றுவதில்லை. திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு அவர்தான் ஒளிப்பதிவு. 2013-இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் மனித மலத்தை மனிதர் கையால் அள்ளுவது நடக்கிறது என்று 2017-இல் அந்தப் படம் காட்டியது. அந்த வேலையைச் செய்கிறவரிடம் போய், குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வாருங்கள், நிமிர்ந்து உட்காருங்கள் என்றால் அரசாங்கத்துக்கு மிகவும் வசதியாக இருக்கும். என் வாதம் அங்கே செல்லாது. 2022-இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை முதல் ஆளாகப் பெற்ற பழனிக்குமார், அந்த மக்களிடம் திரும்பத் திரும்பப் போகிறவர். அவர்கள் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவர். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரனும் ஊரடங்கில் வீடு திரும்பித் தன் குடும்பத்தையே எடுத்தார். பள்ளிக்கூடம் நடத்திய பாட்டி பொன்னுத்தாயின் பேரன் அவர். இவர்கள் இருவருக்கும் அனுமதி என்பது கிளிக்குக்கு முன் கேட்கிற ஒரு கேள்வியாக இல்லை. அந்த வீட்டில் பிறந்ததிலோ, அந்தத் தெருவில் வருஷக்கணக்காக உட்கார்ந்ததிலோ அது வந்துவிடுகிறது. இரண்டும் வாய்க்காத என்னைப் போன்றவன் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இப்போது எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. அணையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய சர்ச்சின் கோபுரமும் வெளியே தெரியும். 1934-இல் அணை கட்டி முடித்தபோது முழுகிய ஊர்களின் மிச்சம் அவை. நந்தியோடு செல்பி எடுக்க அவ்வளவு கூட்டம். அந்தப் பிள்ளைகள் யாரும் தங்களைக் கேண்டிடாக எடுத்துக்கொள்வதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். தலையைக் கோதி, நேராகப் பார்த்து, பிடிக்காததை அழித்து, மறுபடி எடுக்கிறார்கள். எங்கள் ஸ்டுடியோவின் உள் அறை இப்போது அவர்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

அதனால் நான் ஆடி நாட்களில் பைக்கின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிக்கொண்டு போகிறேன். ஆற்றங்கரையில் மர நிழலில் போட்டு, "உக்காருங்க, படம் எடுத்துத் தர்றேன்" என்பேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிரிண்ட் போட்டு அடுத்த வாரம் வீட்டில் சேர்த்துவிடுவேன். ஒருவர் வெட்டப்போகிற கிடாயை மாலையோடு பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பரிசல்காரர் ஒருவர் பரிசல் படத்தில் வரவே கூடாதென்று சொல்லி, தம்பியின் வெள்ளைச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார். பத்திரிகைக்கு அனுப்பினால் பரிசல் இல்லாத பரிசல்காரர் படத்தை யாரும் போடமாட்டார்கள். அவர் வீட்டுச் சுவரில் அது இருக்கிறது.

என்னோடு வருகிற இளம் நண்பன் இதை "பெரிய சைஸ் பாஸ்போர்ட் போட்டோ" என்று கேலி செய்வான். நாற்காலி எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுகிறது என்பது அவன் குற்றச்சாட்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. நாற்காலியைக் காட்டியதும் சிலர் முழுக்கச் சாய்ந்து கால்மேல் கால் போடுகிறார்கள். சிலர் அதன் நுனியில், அழைப்பு வந்தால் எழுந்துவிடத் தயாராக உட்காருகிறார்கள். எந்த வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்ற கணக்கு இந்தப் பக்கத்து உடம்புகளில் இன்னும் இருக்கிறது, அதை மறைத்துக்கொள்ளப் பலருக்குத் தெரியவில்லை.

போன ஆடியில் ஒரு பெரியவர் உட்காரவே மறுத்தார். நானும் நண்பனும் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "நின்னே எடுங்க சாமி, நாற்காலிய அப்படித் தள்ளி வெச்சுருங்க" என்றார். தள்ளிவைத்துவிட்டு எடுத்தேன். துண்டை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். காலியான அந்த நாற்காலி படத்துக்குள் இருந்திருக்க வேண்டும், அது எவ்வளவு பேசியிருக்கும் என்று நண்பன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். பேசியிருக்கும். ஆனால் அவர் கேட்டது நாற்காலி இல்லாத படம்.