மொட்டைக் கடிதம்

"பெயரைப் போடத் தைரியமில்லாதவன் எதற்குப் புகார் எழுத வேண்டும்? மொட்டைக் கடிதம் எழுதுகிறவனும் ஒரு மனிதனா, சார்?"

பாகாயத்தில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கையெழுத்தில்லாத ரசீதை வாழ்நாளில் ஏற்றுக்கொண்டதில்லை. அவர் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது.

பேச்சு 2022 நவம்பரில் வெளிவந்த சம்பவத்தைப் பற்றியது. பாகாயத்திலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி விடுதியில், புதிதாகச் சேர்ந்த மாணவர்களை உள்ளாடையோடு ஓடவிட்டு, அவர்கள் மேல் தண்ணீரை இறைத்து, மூத்த மாணவர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்று ஒரு வீடியோவும், பெயர் சொல்லாத ஒருவர் எழுதிய விவரமும் வெளியாயின. கல்லூரி ஏழு பேரை இடைநீக்கம் செய்தது. பாகாயம் போலீஸார் வழக்குப் பதிவு செய்தார்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய கருணைப் பணியிலிருந்து வளர்ந்த ஸ்தாபனம் அது. அங்கேயே இது நேருமானால் நேராத இடம் எது?

சிறு வயதிலிருந்தே நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் சொல்லித் தருகிறோம்: "கோள் சொல்லாதே." நல்ல பாடந்தான். ஆனால் கோள் என்பது எது, முறையீடு என்பது எது என்று பிரித்துக் காட்ட மறந்துவிடுகிறோம். பிறன் கெட்டால் தனக்கு லாபம் என்று சொல்லுவது கோள். தனக்கோ பிறனுக்கோ நேர்ந்த கேட்டை நிறுத்தும்படி கேட்பது முறையீடு. இரண்டையும் ஒரே சொல்லால் அடித்து உட்கார வைத்தால் கொடுமைக்காரனுக்கு அதைவிடப் பெரிய காவல் வேறென்ன வேண்டும்?

நான் கல்லூரியில் படித்தது இரண்டே வருஷம். எங்கள் விடுதியில் ஒரு பையன். அவன் ஊரையும் சாதியையும் சொல்லிச் சொல்லி ஓர் இரவு முழுவதும் அவனை நிற்க வைத்தார்கள். மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் வார்டன் வந்து, "யார் செய்தது? சொல்லுங்கள்!" என்று உரக்கக் கேட்டார். செய்தவர்கள் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். நான் கோழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று இன்னொன்றும் விளங்குகிறது. எல்லார் முன்னிலையிலும் அப்படிக் கேட்பது, "சொல்லாதே" என்று சொல்லுவதற்குச் சமானம்.

பெயரோடு சொன்னவர்களின் கதியையும் பார்த்திருக்கிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்கள் தன்னைத் துன்புறுத்துவதாகப் பள்ளியில் முறையிட்ட தலித் மாணவன் ஒருவன், தன் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அதற்கும் முன்னால், 1996 நவம்பரில், சிதம்பரத்தில் மருத்துவ மாணவன் நாவரசு மூத்த மாணவன் ஒருவனால் கொல்லப்பட்டான். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன் அவன். அவ்வளவு பெரிய இடத்துப் பிள்ளையையே காக்க முடியாத சூழ்நிலையில், எந்தச் செல்வாக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளை யாரை நம்பிக் கையெழுத்துப் போடுவான்? 1997-இல் தமிழ்நாடு ராகிங்குக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிகள் வகுத்தது. சட்டங்கள் இல்லாமல் இல்லை. சொன்னவனைச் சட்டம் வந்து சேரும்வரை காப்பது யார் என்பதுதான் கேள்வி.

"அப்படியானால் எவன் வேண்டுமானாலும் எவன் மேலும் பழி எழுதிப் போடலாமா? ஒரு நிரபராதியின் படிப்புப் பாழானால்?" என்று நண்பர் மடக்கினார்.

அதையும் தள்ளிவிட முடியாது. மனுநீதிச் சோழன் கதையை அவருக்கு நினைவூட்டினேன். ஆராய்ச்சி மணியை அசைத்த பசு வாய் பேசவில்லை, பெயர் சொல்லவில்லை. அரசன் அதற்காக மணியோசையை அலட்சியம் செய்யவில்லை. ஓசை கேட்டவுடன் யாரையும் தண்டித்துவிடவும் இல்லை. எழுந்து வந்தான். என்ன நடந்தது என்று விசாரித்தான். அதன் பிறகே தீர்ப்பு. மொட்டைக் கடிதமும் அந்த மணிதான். அது விசாரணைக்கு வாசல் திறக்கலாம். அதுவே தீர்ப்பாகிவிடக் கூடாது. ஆனால் மணி அடித்த பிறகும் படுத்திருப்பவன், அடித்தவனைக் கோழை என்று பழிக்க எந்த உரிமையும் இல்லாதவன்.

மொட்டைக் கடிதம் எழுதியவனின் குணத்தைக் காட்டுவதைவிட, அது போய்ச் சேரும் இடத்தின் லட்சணத்தைத்தான் அதிகம் காட்டுகிறது. தனியாக அழைத்துக் கேட்டு, சொன்னதை ரகசியமாக வைத்து, சொன்னவன் மறுநாளும் அச்சமின்றி அதே விடுதியில் தூங்கும்படி செய்கிற கல்லூரிக்குப் பெயரோடு கடிதம் வரும்.

நண்பரின் பேரன் அடுத்த மாதம் வெளியூர்க் கல்லூரி விடுதியில் சேரப் போகிறான்.

"அவனுக்கு ஏதாவது நேர்ந்தால், பெயர் போட்டு எழுதச் சொல்வீர்களா?" என்று கேட்டேன்.

கணக்கில் ஒருபோதும் தடுமாறாத அந்த மனிதர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை.