ஆயுதத் தொழிலும் இல்லறத்தார் அறமும்

போர்க்கருவி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரும் இளைஞன் ஹிம்ஸைக்கு உடன்பட்டவன் ஆவானா? சேலத்தில் வாழும் நமக்கு இது ஏட்டளவிலான வினா அன்று. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சி ஆகிய ஊர்களோடு சேலமும் ஒரு முனையமாகும்.

சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என ஹிம்ஸையை நான்காகப் பிரித்து, முதலாவதை இல்லறத்தார் அறவே விடவேண்டும் என்றனர் நம் ஆசாரியர்கள். நாட்டைக் காக்கும் போர் விரோதி ஹிம்ஸையின்பாற்படும். ஆகவே எல்லையில் நிற்கும் வீரனை நாம் குறை கூற இயலாது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தலைவராக விளங்கியதை இவ்வட்டாரத்தார் பெருமையுடனே நினைக்கிறோம்.

அதே திருச்செங்கோட்டருகே 1925இல் காந்தி ஆசிரமம் கண்ட இராஜாஜி, தம் 83ஆம் வயதில், 1962 செப்டம்பரில் வாஷிங்டன் சென்று, அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்துமாறு அதிபர் கென்னடியிடம் வேண்டினார். ஆட்சிப் பதவி எதுவும் அப்போது அவரிடம் இல்லை. மறு மாதமே சீனப்படை நம் எல்லையைத் தாக்கியது. ஆயினும் வளிமண்டலம், விண்வெளி, நீரடி ஆகிய மூவிடத்துச் சோதனைகளை விலக்கும் உடன்படிக்கை 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. அஃது அவர் ஒருவரால் ஆயிற்று என்பார் இலர். தற்காப்பை மறுக்காமலே ஆயுதத்துக்கு வரம்பு கட்டலாம் என்பது புலனாகிறது.

2025-26ஆம் ஆண்டு மத்திய வரவு-செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஏறத்தாழ 6.81 லட்சம் கோடி ரூபாய்; பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவுக்கு 12,500 கோடி. இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆட்சியாளரை ஏசுவது எளிது, நேர்மையன்று. முன்னதில் ஏறத்தாழ 1.60 லட்சம் கோடி, ஓய்வுபெற்றோர் ஓய்வூதியம். பின்னதில் மாநிலங்களும் செலவை ஏற்கின்றன. (நாமக்கல் முட்டை சத்துணவுத் தட்டில் ஏறிய பின்னர், அதனை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரப்படுவதை நம் வீட்டார் அறிவர்.)

நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. 2013-14இல் 686 கோடி ரூபாயாக இருந்த இராணுவத் தளவாட ஏற்றுமதி, 2024-25இல் 23,622 கோடியாயிற்று. இவ்விற்பனையை விரோதி ஹிம்ஸை என்று கூறித் தப்ப முடியுமா? சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், வாள், கோடரி, தீ முதலியவற்றைப் பிறர்க்கு வழங்குவதை ‘ஹிம்ஸாதானம்’ என்று அநர்த்ததண்டங்களுள் வைக்கிறது. கொடுத்த கருவி யார்மீது பாயும் என்பது கொடுத்தவர் கையில் இல்லை. விலக்கியதன் காரணம் இதுவே என்று நாம் கொள்கிறோம்.

வலியவனுக்கு அஞ்சும் சிறுநாடும் வாங்குகிறதே என்பர். 2024இல் பிரம்மோஸ் ஏவுகணைகளைப் பெற்ற பிலிப்பைன்ஸுக்கு அச்சொல் பொருந்தலாம். தன் குடிகளையே ஒடுக்கும் அரசு வாங்க வந்தால் என் செய்வது? கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் சேலத்து இளைஞனுக்குத் தான் செய்யும் உதிரிப்பாகம் எந்நாட்டுக்குப் போகிறதெனத் தெரியாது. பழியை அவன்மீது சுமத்துதல் தகாது. கேட்டறியும் உரிமை மக்களவைக்கு உண்டு. வாக்குக் கேட்டு வருவோரிடம் குடிநீரையும் சாலையையும் பற்றிக் கேட்கும் நாம், இதனையும் சேர்த்துக் கேட்கலாகும்.