உயிருக்கு விலை குறிப்பவர் யார்?

உயிர் காக்கும் கலை எவருக்கு உரியது? பொருள் படைத்தோர்க்கா, மனிதராய்ப் பிறந்த அனைவர்க்குமா? இவ்வினாவைத் தத்துவ நூல்களில் மட்டுமே தேடவேண்டும் என்பதில்லை. யப்பானில் சிறுவர் வாரவெளியீடொன்றில் 1973 முதல் பத்தாண்டுக் காலம் வெளிவந்த ‘பிளாக் ஜாக்’ என்னும் சித்திரக்கதைத் தொடர் இதனைக் கூர்மையாக எழுப்பிற்று. சித்திரக்கதை என்றதும் முகஞ்சுழிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே உளர். அன்னோர் இதனை ஒருமுறையேனும் படித்தல் வேண்டும்.

இதனைப் படைத்த ஒசாமு தெசூக்கா (1928-1989) ஒசாக்காவில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றவர். 1945இல் அந்நகர்மீது குண்டுமழை பொழிந்ததை நேரிற் கண்டவர். உயிரின் அருமையை அவர் ஏட்டில் மட்டும் கற்றவரல்லர்.

கதைத்தலைவன் ஈடிணையற்ற சத்திரசிகிச்சை நிபுணன். ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாதவன். சிறுவயதில் வெடிவிபத்திற் சிதைந்த அவனை ஹொன்மா என்னும் வைத்தியர் காப்பாற்றினார். ஆபிரிக்கக் குருதி கலந்த தோழன் ஒருவன் ஈந்த தோலே அவன் முகத்தின் ஒருபாதியை மூடியிருக்கிறது. அந்நிற வேற்றுமையை அவன் மாற்றிக்கொள்ள விரும்பவில்லை. நன்றியின் அடையாளமாகவே தாங்கி நிற்கிறான்.

தொடரின் முதற்கதையே வர்க்க நீதியைத் தோலுரிக்கிறது. செல்வன் ஒருவனின் மகன் கார் விபத்தில் உருக்குலைகிறான். அவனுக்கு உறுப்பீய, குற்றமற்ற ஏழைத் தையற்காரச் சிறுவன் மீது பழிசுமத்தி மரணதண்டனை விதிக்கிறது நீதிமன்றம். பெருந்தொகை பெற்றுக்கொண்ட பிளாக் ஜாக்கோ, அவ்வேழைக்குச் செல்வன் மகனின் முகத்தை அமைத்து, தாயுடன் தப்பியோட வழிசெய்கிறான். சட்டம் கொலைக்குத் துணைபோகிறது; சட்டத்திற்குப் புறம்பானவன் உயிரைக் காக்கிறான்.

எனினும் இங்கு நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். செல்வரிடம் பெருந்தொகை கேட்கும் அவன், ஏழைகளிடம் சிலவேளை ஒன்றும் பெறாது விடுகிறான். இது கருணை, நீதியன்று. கருணை காட்டுபவனின் மனம் மாறினால் நோயாளியின் கதி என்ன? யப்பானிய மக்கள் அனைவரையும் தழுவிய சுகாதாரக் காப்புறுதி 1961இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. தனிமனிதப் பேராற்றலால் இயலாததைக் கூட்டுமுயற்சி செய்யவல்லது என்பதற்கு அதுவே சான்று. ஆயின் கதை வீண் என்பதா? அன்று. அமைப்பு வாசலைத் திறக்கலாம். உள்ளே இருப்பவன் மனிதனை மறந்து பதவியையும் பெயரையும் பேணுவானாயின் திறந்த வாசலாற் பயனில்லை. இதனையே அவ்வெளியாள் நினைவூட்டுகிறான்.

கிரிக்கோ என்னும் வைத்தியனோ போர்க்களத்தில் வேதனையுற்றோரைக் கண்டவன். நோயாளி வேண்டினால் மரணத்தை அளிப்பவன். முடமாகி மரணத்தை விரும்பிய தாயொருத்தியை பிளாக் ஜாக் குணப்படுத்துகிறான். சிறிது நேரத்தில் அவளும் அவள் பிள்ளைகளும் வீதி விபத்தில் மாண்டுபோகின்றனர். கிரிக்கோ நகைக்கிறான். பிளாக் ஜாக்கோ, அப்போதும் மனிதரைக் குணப்படுத்துவேன் என்று கதறுகிறான்.

வெற்றி நிச்சயமென்பதால் அவன் அவ்வாறு சொல்லவில்லை. தோல்வியின் நடுவிலேயே சொல்கிறான். மருத்துவத்திற்கு மட்டுமன்று, மக்கள் விடிவை நாடும் எப்பணிக்கும் அவ்வுறுதியே அடிப்படை. அவ்வுறுதியை ஒருவனுடைய தனிச்சொத்தாக விடாது, சமுதாயத்தின் பொதுக் கடனாக்குவது நமது வேலை.